திறந்த புதுசிலேயே போய்த் தங்கலாமா?

மதுரை அண்ணா நகரில் இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். வருகிற தை மாதம் அவர்களுக்கு 25-ஆவது திருமண நாள். வெளிநாட்டில், புதிதாகத் திறந்த ஒரு பெரிய ஹோட்டலில் மனைவியோடு மூன்று இரவு தங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. தேடிப் பார்த்ததில், இனிமேல்தான் திறக்கப்போகும் ஹோட்டல்கள் அறிமுக விலை என்று போட்டு மற்றதைவிடக் குறைவாகக் காட்டுகின்றனவாம். போட்டுவிடலாமா என்பது கேள்வி. கூடவே மூன்று விவரம் சொல்லியிருக்கிறார்: இருவரும் சுத்த சைவம், மதினிக்குக் கொஞ்சம் வீசிங் உண்டு, மதுரையில் ஏறி நேராகப் போய் இறங்குகிற ஊர் என்றால் நல்லது.

அண்ணே, போடாதீர்கள். திறந்து ஆறு மாதம் ஆகாத ஹோட்டலுக்குத் திருமண நாளைக் கொண்டுபோக வேண்டாம். ஆறு மாதம் தாண்டி, மூன்று வருஷத்துக்குள் இருக்கிற ஹோட்டலாகப் பாருங்கள். மெத்தை, பெயின்ட், குழாய் எல்லாம் அப்போதும் புதுசாகவே இருக்கும். ஆட்களும் வேலையைப் பழகியிருப்பார்கள். பெரிய ஹோட்டல்கள் பொதுவாக ஐந்து முதல் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவைதான் திரை, கம்பளம், சோபாவை எல்லாம் மாற்றும். அதனால் இரண்டு வருஷமான ஹோட்டலைப் பழசு என்று ஒதுக்க ஒரு காரணமும் இல்லை.

நான் ஹோட்டல்களைத் திறக்கும் வேலையில் இருந்தவன். வளைகுடாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பிரீ-ஓப்பனிங் டீம் என்பார்களே, அதில். கட்டடம் பாதியில் இருக்கும்போது உள்ளே போய், முதல் விருந்தாளி வந்து கொஞ்ச காலம் வரை இருந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிற கூட்டம் அது. அந்த வேலையில் ஒன்று நன்றாகப் புரிந்தது. ஹோட்டல் திறக்கும் தேதியை ஹோட்டல் நடத்துகிறவர்கள் முடிவு செய்வதில்லை. கடனுக்கு வட்டி கட்டுகிற முதலாளி முடிவு செய்கிறார்.

இந்த முதலாளி விஷயம் பலருக்குத் தெரியாது. வாசலில் இருக்கும் பெயர் ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது. லண்டனில் பழைய போர் அலுவலகக் கட்டடத்தில் 2023 செப்டம்பரில் திறந்த ராஃபிள்ஸ் ஹோட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தைப் புதுப்பித்தது இந்துஜா குடும்பம். ராஃபிள்ஸ் என்ற பெயர் அக்கோர் என்ற பிரெஞ்சுக் குழுமத்தின் கையில் இருக்கிறது. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியாவை ஹில்டன் நிறுவனம் ஒரு சீன நிறுவனத்துக்கு 195 கோடி டாலருக்கு விற்றது. விற்கும்போதே நூறு வருஷம் நடத்தும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. நடத்துகிறவர்களுக்கு வருமானத்தில் ஒரு சிறு சதவீதம், லாபத்தில் ஒரு பங்கு. கட்டடக் கடன் முழுக்க முதலாளி தலையில். ஒரு சீசனைத் தவறவிட்டால் அவருக்குத்தான் அடி. அதனால் ஹோட்டலின் பொது மேலாளரான ஜி.எம். "இன்னும் ஆறு வாரம் கொடுங்கள்" என்று கெஞ்சினாலும், "டிசம்பருக்குள் திற" என்றுதான் பதில் வரும். நம்ம ஊரில் நாள் நெருங்கிவிட்டதே என்று, பின்கட்டில் ஆசாரி இழைத்துக்கொண்டு இருக்கும்போதே முன்கட்டில் பால் காய்ச்சிக் கிரகப்பிரவேசம் முடிப்பார்கள் இல்லையா, கோடிக்கணக்கில் பணம் போட்ட ஹோட்டல்களும் அப்படித்தான் திறக்கின்றன.

இதற்கு சாஃப்ட் ஓப்பனிங் என்று ஒரு கௌரவமான பெயர் உண்டு. அறைகளில் ஒரு பகுதியை மட்டும் விற்பார்கள். ஒரு உணவகம் ஓடும், மற்ற இரண்டும் "விரைவில்". ஸ்பா, நீச்சல் குளம், மொட்டை மாடி பார் இவை மூன்றும் அநேகமாகக் கடைசியில்தான் வரும். உரிமம், நீர்ப் பரிசோதனை, தீயணைப்புச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுவலகம் உண்டு.

நல்ல உதாரணம் சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸ். உச்சியில் கப்பல் போல நீச்சல் குளம், மூன்று கோபுரம், கட்டும்போது 2,500-க்கு மேல் அறைகள். உலகமே இன்று படம் எடுத்துப் போடுகிற ஹோட்டல். 2010 ஏப்ரல் 27-ஆம் தேதி அது திறந்தபோது 963 அறைகள்தான் தயார். அந்தக் குளம் இருக்கிற உச்சித் தோட்டம் ஜூன் கடைசியில்தான் திறந்தது. நடுவில் மே மாதம் ஒரு சர்வதேச வழக்கறிஞர் சங்கம் அங்கே மாநாடு நடத்தியது. மின்சாரம் போனது, அறைகள் முடியவில்லை என்று வந்தவர்கள் குறை சொன்னார்கள். சங்கம் பாக்கிப் பணத்தைத் தர மறுக்க, ஹோட்டல் வழக்குப் போட்டது. மாநாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வக்கீல்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அப்புறம் சமாதானமாகிவிட்டார்கள். இன்றைக்கு அந்த ஹோட்டலில் அப்படி ஒரு பேச்சே கிடையாது. முதல் மாதத்தை வைத்து ஒரு ஹோட்டலைத் தள்ளவும் கூடாது. அதே முதல் மாதத்தில் நம் காசைக் கொண்டுபோய்க் கொட்டவும் கூடாது.

திறக்கும் தேதியே தள்ளிப்போவது இன்னொரு கதை. வால்டார்ஃப் அஸ்டோரியா 2017 மார்ச் 1-ஆம் தேதி பூட்டியபோது இரண்டு மூன்று வருஷ வேலை என்றார்கள். விருந்தாளி மறுபடி உள்ளே போனது 2025 ஜூலையில். 1,400-க்கு மேல் இருந்த அறைகள் 375 ஆகிவிட்டன, மீதி இடம் விற்பனைக்கான வீடுகளாகிவிட்டது. லாஸ் வேகாஸில் ஃபோன்டென்ப்ளூ என்ற கோபுரம் 2007-ல் ஆரம்பித்து, நடுவில் திவாலாகி, 2023 டிசம்பரில்தான் திறந்தது. வட கொரியாவின் பியோங்யாங்கில் 105 மாடி ஹோட்டல் ஒன்று 1987-ல் ஆரம்பித்தது. இன்னும் ஒரு விருந்தாளியும் தங்கவில்லை. ஆகவே திறக்காத ஹோட்டலுக்குப் பணத்தை முழுக்கக் கட்டி, அதை நம்பி விமான டிக்கெட்டும் போடுவது கூடவே கூடாது. தேதி தள்ளினால் அறைப் பணம் திரும்பி வந்துவிடும், அல்லது பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய வேறு ஹோட்டலுக்கு மாற்றுவார்கள். விமான டிக்கெட்டுக்கு அவர்கள் பொறுப்பில்லை. திருமண நாளையும் யாரும் தள்ளிவைக்க முடியாது.

சரி, திறந்தே விட்டது, எல்லா அறையும் தயார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உள்ளே என்ன நடக்கிறது?

கட்டுகிறவர்கள் மாடி மாடியாகத்தான் ஒப்படைப்பார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஸ்னாக் லிஸ்ட் போடுவோம். கதவு உரசுகிறது, சுவிட்ச் தலைகீழ், குளியலறைத் தரை வாட்டம் சரியில்லை, தண்ணீர் மூலையில் நிற்கிறது, டைல்ஸ் இடைவெளியில் பூச்சு விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு அறைக்கே பக்கம் பக்கமாகப் போகும். கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் திறப்பதற்குள் முடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாததுதான் பாக்கி நிற்கும். ஏசி அதில் முதலிடம். ஒவ்வொரு மாடிக்கும் எவ்வளவு குளிர் காற்று போக வேண்டும் என்று பிரித்துச் சரிசெய்வது கட்டடம் காலியாக இருக்கும்போது ஒரு மாதிரி இருக்கும், ஆட்கள் நிறைந்தபின் வேறு மாதிரி இருக்கும். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் பார்த்தால்தான் அது நிலைக்கு வரும். அதுவரை ஒரு அறையில் கம்பளி போதாது, அடுத்த அறையில் வியர்க்கும். வெந்நீரும் அப்படியே, குழாய் வரிசையின் கடைசி அறைக்கு வந்து சேர நேரமாகும். லிஃப்டில் ஒன்றை ஒப்பந்தக்காரர்கள் சாமான் ஏற்ற வைத்திருப்பார்கள். தீ எச்சரிக்கை மணி, தூசிக்குக்கூட நடு ராத்திரி அடிக்கும்.

பல நாள் யாரும் தங்காத அறையில் குளியலறை வடிகால் வளைவில் நிற்கிற தண்ணீர் வற்றிவிடும். அந்த வழியாகச் சாக்கடை வாடை மேலே வரும். ஆயிரம் டாலர் அறையிலும் வரும். ஒரு குவளைத் தண்ணீரை வடிகாலில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ஹவுஸ்கீப்பிங்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

ஆட்கள் கதை இன்னும் சுவாரசியமானது. புது ஹோட்டலில் முதல் சில வாரம் சேவை பிரமாதமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது உள்ளூர் ஆட்களின் கைவரிசை மட்டும் என்று நினைக்க வேண்டாம். டாஸ்க் ஃபோர்ஸ் என்று அந்த நிறுவனத்தின் மற்ற ஹோட்டல்களில் இருந்து கை தேர்ந்தவர்களைக் கடனாக வாங்கி வந்து நிறுத்தியிருப்பார்கள். சமையலறையில் ஒரு பழைய கை, வரவேற்பில் ஒரு பழைய கை, ஹவுஸ்கீப்பிங்கில் இரண்டு பேர் என்று. ஜி.எம். காலை முதல் இரவு வரை லாபியிலேயே நிற்பார். ஒன்றிரண்டு மாதத்தில் கடனாக வந்தவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். அதே சமயம், சேர்ந்த புது ஆட்களில் ஒரு பகுதி வேறு வேலைக்கு ஓடிவிடும். அறைகளோ அப்போதுதான் நிறைய விற்க ஆரம்பிக்கும். நான் பார்த்த எல்லா இடத்திலும் மூன்றாவது, நான்காவது மாதம்தான் ஹோட்டலின் கெட்ட காலம். திறப்பு விழா சந்தோஷமும் போயிருக்கும், பழக்கமும் வந்திருக்காது. முதல் வாரத்தை விட நான்காவது மாதம் மோசம் என்று சொன்னால் வெளியே யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் மாத விமர்சனங்களை நம்பவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் காரணம் இதுதான். அப்போது எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அழைத்து வரப்பட்டவர்கள். பத்திரிகைக்காரர்கள், வீடியோ போடுகிறவர்களுக்கென்று சில அறைகளை முன்கூட்டியே முழுக்க முடித்து, நாங்களே நாலு தடவை தூங்கிப் பார்த்துத்தான் கொடுப்போம். அந்த அறை உங்களுக்குக் கிடைக்காது. இதை எல்லாம் மீறி உண்மை வெளியே வந்த சந்தர்ப்பமும் உண்டு: 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குப் போன நிருபர்கள், முடியாத அறைகளையும் மஞ்சளாக வந்த குழாய்த் தண்ணீரையும் படம் எடுத்து உலகத்துக்கே காட்டினார்கள். அங்கே அழைப்பு விருந்தாளியும் அவர்களே, மாட்டிக்கொண்டவர்களும் அவர்களே.

நீங்கள் படிக்க வேண்டியது நான்காவது மாதத்துக்குப் பிறகு சொந்தக் காசில் போனவர்கள் எழுதியதை. அதிலும் "மூச்சடைத்துப் போனேன்" வகையறாவைத் தாண்டிவிட்டு, ஏசி, சத்தம், காலை உணவு பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் தேடுங்கள். ஹோட்டல் தளத்தில் இருக்கும் படங்களையும் உற்றுப் பாருங்கள். நிழல் விழாத மரம், ஒரே அளவு அலை, முகம் தெரியாத மனிதர்கள் என்றால் அது கம்ப்யூட்டரில் வரைந்தது. திறந்து பல மாதம் ஆகியும் வரைந்த படமே இருக்கிறதென்றால், படம் எடுக்கிற நிலைமையில் அந்த இடம் இல்லை.

மதினியின் வீசிங் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். புது அறையில் வருகிற 'புது வாசனை' சிலருக்குப் பிடிக்கும். அது பிளைவுட் பசை, வார்னிஷ், கம்பளத்தின் அடிப்பசை ஆகியவற்றில் இருந்து வெளியேறும் வாயுக்கள். அதில் ஒன்று ஃபார்மால்டிஹைடு. உள்ளறைக் காற்றில் அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் அது அதிகமாக வெளிவரும். யாரும் தங்காத புது அறையை ஏசி போடாமல் பூட்டி வைத்திருந்தால், கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும். நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்குக் கண் எரிச்சல், தலைவலியோடு போய்விடும். வீசிங் உள்ளவருக்கு அந்த மூன்று இரவும் வீண். மாதங்கள் போகப் போக இது தானாகவே குறையும். நான் ஆறு மாதம் என்று சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு.

எந்த ஹோட்டலாக இருந்தாலும், திறக்கக்கூடிய ஜன்னலோ பால்கனியோ உள்ள அறை கேளுங்கள். உயரமான கோபுர ஹோட்டல்களில் பல ஜன்னல்கள் திறக்காது. வருவதற்கு முந்தின நாளே அறையைத் திறந்து காற்றாட விட்டு ஏசி ஓட்டி வைக்கச் சொல்லி எழுதுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காமல் செய்ய மாட்டார்கள். வாசனைத் தெளிப்பு எதுவும் அறையில் வேண்டாம் என்றும் எழுதுங்கள். இப்போது லாபியிலேயே தங்கள் பிராண்டு வாசனை என்று ஒன்றைக் காற்றுக் குழாயில் விடுகிறார்கள், அதைத் தடுக்க முடியாது, அறைக்குள் தடுக்கலாம். அறைக்குள் போனதும் ஷவரைச் சில நிமிஷம் ஓடவிட்டு, நீராவி படாமல் தள்ளி நில்லுங்கள். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும். 1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டில்தான் அது முதலில் வெளிச்சத்துக்கு வந்தது, பெயரும் அவர்கள் சங்கத்தின் பெயரில் இருந்து வந்தது. நல்ல ஹோட்டல்கள் இதற்காகக் குழாய்களை முறைப்படி ஓடவிடும். இருந்தாலும் இரண்டு நிமிஷம் நமக்கு என்ன நஷ்டம்?

விலை பற்றி ஒரு வார்த்தை. அறிமுக விலை மலிவு என்று தெரிவதில் பாதி, வரி சேர்க்காத கணக்கு. சிங்கப்பூரில் விலைக்குப் பின்னால் 'பிளஸ் பிளஸ்' என்று போட்டிருந்தால் 10% சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9% ஜி.எஸ்.டி. 500 டாலர் அறை 599 டாலர் 50 சென்ட் ஆகிவிடும். துபாயில் 10% சேவைக் கட்டணம், 7% நகராட்சிக் கட்டணம், 5% வாட், ஐந்து நட்சத்திரம் என்றால் ஒரு இரவுக்கு 20 திர்ஹம் தனியாக. தாய்லாந்தில் சேவை 10%, வாட் 7%. நம்ம ஊரிலும் 7,500 ரூபாய்க்கு மேல் போனால் 18% என்பது உங்களுக்குத் தெரியும். கடன் அட்டையில் அந்நியச் செலாவணிக்கு என்று வங்கி பிடிப்பது வேறு. எல்லாம் சேர்த்து ரூபாயில் எழுதிப் பார்த்துவிட்டு, அதே ஊரில் இரண்டு வருஷமான ஹோட்டலின் விலையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் வித்தியாசம் சொற்பமாகத்தான் இருக்கும்.

இனி எங்கே என்று பார்ப்போம். மதுரையில் இருந்து நேராக, ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரம் போல ஆனதும் இறங்கிவிடுகிற ஊர் கொழும்பு. உங்கள் மூன்று நிபந்தனைக்கும் அதுதான் பொருந்துகிறது. விமான அட்டவணை அடிக்கடி மாறும், அதை மட்டும் டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல காலம், கொழும்பில் நான் சொன்ன வயதில் இரண்டு பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. ஒன்று ஐ.டி.சி. ரத்னதீப. 2024 ஏப்ரலில் காலி முகத்திடல் என்ற கடற்கரைத் திடலுக்குப் பக்கத்தில் திறந்தது, 352 அறைகள், இந்தியாவுக்கு வெளியே ஐ.டி.சி.யின் முதல் ஹோட்டல். இரண்டு கோபுரங்களை வானத்தில் ஒரு பாலம் இணைக்கிறது. மற்றது சின்னமன் லைஃப். 2024 அக்டோபரில் திறந்தது, 687 அறைகள், சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் என்ற பெரிய வளாகத்தின் ஒரு பகுதி. 2025 ஆகஸ்டில் அங்கே சூதாட்ட விடுதியும் திறந்தாயிற்று. நான் ரத்னதீபவைத்தான் சொல்வேன். 687 அறை, கல்யாண மண்டபம், சூதாட்டம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால், காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். திருமண நாளுக்குக் கூட்டம் எதற்கு? ஐ.டி.சி. என்றால் இன்னொரு வசதி, சைவம் என்றால் என்ன என்று அந்தச் சமையலறைக்கு முதலில் இருந்து விளக்க வேண்டியதில்லை.

வெளியே சாப்பிடும்போது கவனம். இலங்கையில் சம்பல் கேட்டால் மாசி போட்டுத்தான் வரும். பொல் சம்பல், சீனிச் சம்பல் இரண்டிலுமே மாசிக் கருவாடு உண்டு, பார்த்தால் தெரியாது. "மாசி வேண்டாம்" என்று தமிழிலேயே சொல்லுங்கள், புரியும். சிங்கப்பூர், மலேசியாவில் இதே இடத்தில் பெலாச்சான் என்ற இறால் விழுது, பாங்காக்கில் மீன் சாறு. முட்டை சைவத்தில் சேரும் என்று நினைக்கிற ஊர்களே அதிகம். புது ஹோட்டல்களில் இந்திய உணவுப் பகுதி தாமதமாகத்தான் ஓட ஆரம்பிக்கும், சமையல்காரருக்கு விசா வராததால். நானே ஒரு ஹோட்டலில் இட்லி மாவு அரைக்க ஆளில்லாமல், ஜி.எம்.முக்கு உளுந்து ஊறவைக்கிற நேரத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மூன்று இரவையும் புதுசிலேயே கழிக்க வேண்டுமா என்றும் யோசித்துப் பாருங்கள். உங்களுக்குக் கோச்சடையில் ஹெரிடேஜ் மதுரை தெரியும்தானே? அது பழைய மதுரை கிளப். பஞ்சாலை அதிகாரிகளுக்காக எழுபதுகளில் கட்டியது. வரைந்தவர் கொழும்புக்காரர், ஜெஃப்ரி பாவா. சென்னை கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பித்ததிலும் அவர் கை உண்டு. அதே பாவா தம்புள்ளைக்குப் பக்கத்தில், ஏரிக்கு மேலே பாறையை ஒட்டிக் கட்டிய ஹோட்டல் கண்டலம. 1994-ல் திறந்தபோது கான்கிரீட் சட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன. கட்டுவதற்கு முன்பே, சுற்றுப்புறம் கெட்டுவிடும் என்று பெரிய எதிர்ப்பே நடந்த இடம் அது. இன்று கொடிகள் ஏறி மூடி, தூரத்தில் இருந்து பார்த்தால் கட்டடமே தெரியாது. குரங்குகள் பால்கனிக்கு வரும், ஜன்னலைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போங்கள். கொழும்பில் இருந்து 150 கிலோமீட்டருக்கு மேல், காரில் நாலு மணி நேரம் ஆகலாம். இரண்டு இரவு ரத்னதீப, ஒரு இரவு கண்டலம என்று பிரித்துக்கொண்டால், அடுத்த நாள் காலையில் சிகிரியா பாறைக் கோட்டையையும் பார்த்துவிடலாம். படி ஏறுவது மதினிக்குச் சிரமம் என்றால் கீழே இருந்து பார்த்தாலே போதும்.

புதுசு என்ற ஆசை அடங்கவில்லை, கூட்டமும் கூடாது, செலவு பரவாயில்லை என்றால் சிங்கப்பூர். செந்தோசா தீவில் 2025 மார்ச்சில் திறந்த ராஃபிள்ஸ் செந்தோசாவில் மொத்தமே 62 வில்லாக்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்தக் குளம். துபாயில் 2023-ல் திறந்த அட்லாண்டிஸ் த ராயல், 795 அறை. திறப்பு விழாவுக்கு அமெரிக்கப் பாடகி பியான்சேவையே பாட வைத்தார்கள். போய்ப் பார்த்து ஒரு காபி குடிக்கலாம், அவ்வளவுதான் என் அபிப்பிராயம்.

என் ஆறு மாத விதிக்கு ஒரு விலக்கு உண்டு, பழைய ஹோட்டலை மூடிப் புதுப்பித்துத் திறப்பது. பாங்காக்கின் துசித் தானி 1970-ல் திறந்தது, 2019 ஜனவரியில் மூடி, முழுக்க இடித்துக் கட்டி, 2024 செப்டம்பரில் 257 அறைகளோடு வந்தது. பழைய பொன் கோபுர முனையைக் காப்பாற்றிப் புதுக் கோபுரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். 1887-ல் தொடங்கிய ராஃபிள்ஸ் சிங்கப்பூரும் 2019 ஆகஸ்டில் அப்படித்தான் மறுபடி திறந்தது. இந்த மாதிரி இடங்களுக்குப் பழைய ஆட்கள் பலர் திரும்பி வருவார்கள். வரவேற்பில் நிற்பவருக்கு ஹோட்டலின் கதை தெரியும். பெயின்ட் வாசனையும் குழாய்ப் பிரச்சினையும் அங்கேயும் இருக்கும், ஆனால் ஆள் பழக்கம் தயாராக இருக்கும். வீசிங் இல்லாதவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன்.

எந்த ஹோட்டலாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நாங்கள் வரும் தேதியில் எத்தனை உணவகம் ஓடும், குளமும் ஸ்பாவும் திறந்திருக்குமா, கட்டட வேலை எந்த மாடியில் எந்த நேரத்தில் நடக்கும், எங்கள் அறைக்கு ஜன்னல் திறக்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். திருமண நாள் என்பதையும் சொல்லுங்கள். கேக்கில் முட்டை கூடாது என்பதையும் சேர்த்து, இல்லையென்றால் பாசத்தோடு முட்டைக் கேக் வந்து நிற்கும். அறை கேட்கும்போது நடு மாடியாக, லிஃப்டுக்குத் தள்ளி. உச்சி மாடியில் காட்சி நன்றாக இருக்கும், இயந்திரச் சத்தமும் நன்றாகக் கேட்கும்.

போன பிறகு ஏதாவது சரியில்லை என்றால் அன்று மாலையே சொல்லுங்கள். நம்மவர்கள் மூன்று நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கிளம்பும்போது கவுன்டரில் வெடிப்பார்கள். அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வரவேற்பில் நிற்கும் சின்னப் பையனிடம் கத்திப் பயனில்லை, அவனுக்கு அதிகாரம் கிடையாது. டியூட்டி மேனேஜரைக் கேளுங்கள். தள்ளுபடி கேட்பதைவிட வேறு அறை கேளுங்கள். அது உடனே நடக்கும், பல சமயம் இன்னும் பெரிய அறையாகவே கிடைக்கும்.

தை மாதம் கொழும்பில் நல்ல சீசன், டிசம்பரில் இருந்து மார்ச் வரை விலை ஏறித்தான் இருக்கும். அதனால் விலை இறங்கும் என்று காத்திருக்காமல், ரத்து செய்யக்கூடிய ரேட்டில் ஹோட்டலின் சொந்தத் தளத்திலேயே இப்போதே போட்டு வையுங்கள். அந்த ரேட் கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை. மின்னஞ்சலுக்கு வருகிற பதிலைப் படித்துவிட்டு, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லியிருந்தால் விமான டிக்கெட் போடுங்கள். "உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம்" என்று மட்டும் வந்தால் அடுத்த ஹோட்டலைப் பாருங்கள்.